தரிசு என்ற சொல்லின் கதை: செங்கல்பட்டு மனுக்கள் முதல் சிறப்புப் பொருளாதார மண்டலம் வரை

நம் வாசிப்பு வட்டத்தில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, நிலம் எடுப்பு, நிலம் எடுப்புன்னு சொல்றீங்க. நம்ம சேரியில நிலம் இருக்கிறவங்க எத்தனை பேர்? எடுக்கிறது எல்லாம் ஊர்க்காரன் நிலம். கம்பெனி வந்தா நமக்கு வேலையாவது கிடைக்கும். இதுல நாம ஏன் அவங்களுக்காகக் கொடி பிடிக்கணும்?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது நேர்மையான கேள்வியாகப் பட்டது. அன்று ஒரு மணி நேரம் பேசியும் முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன். சிறப்புப் பொருளாதார மண்டலம் என்றதும் எல்லோரும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடங்குகிறார்கள். நம் கணக்கு அங்கே தொடங்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர், பரனூர் என்று இன்று தொழிற்சாலைகள் வரிசை கட்டி நிற்கும் அதே மண்ணில், அதே பழைய செங்கல்பட்டு ஜில்லாவில், 1891இல் தொடங்குகிறது.

அந்த ஜில்லாவின் நிலமுறைக்கு மிராசு என்று பெயர். ஊரின் நன்செய், புன்செய் மட்டுமல்ல, யாரும் உழாமல் கிடந்த தரிசும் தங்களுக்கே உரியது என்றார்கள் மிராசுதாரர்கள். 1818இலேயே கலெக்டர் எல்லிஸ் இந்த மிராசு உரிமை பற்றி விரிவாக எழுதி வைத்துவிட்டார். அதன்பிறகு வந்த வெள்ளை அதிகாரிகளுக்கு அது வேதவாக்கு போல ஆகிவிட்டது. நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? ஊருக்கு வெளியே காடாகக் கிடக்கும் இரண்டு காணி நிலத்தைத் திருத்திப் பயிர் வைக்க அனுமதி கேட்டு ஒரு பறையர் 'தர்காஸ்து' மனுப் போடுகிறார் என்று வையுங்கள். முதல் உரிமை மிராசுதாருக்கு. அதுவரை அந்த நிலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர், மனு வந்த மறுநாள் "எனக்கு வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் போதும், நிலம் அவருக்கு. அவர் அதை உழ வேண்டும் என்றுகூட இல்லை. பறையன் உழக்கூடாது, அவ்வளவுதான்.

ஏன் உழக்கூடாது? நிலம் கிடைத்தவன் பண்ணைக்கு வரமாட்டான். 1843இன் சட்டம் அடிமைமுறையைக் காகிதத்தில் ஒழித்திருந்தது. ஆனால் கடன், படியாள் முறை, குடியிருக்கும் சேரி மனையே மிராசுதாருடையது என்ற மிரட்டல் இவை மூன்றும் சேர்ந்து பழைய கட்டையே புதுக்கயிற்றால் கட்டி வைத்திருந்தன. குடிசைக்கு அடியில் இருக்கும் மண்ணே சொந்தமில்லாதவன் கூலி உயர்வு கேட்க முடியுமா?

இதையெல்லாம் அரசுக் காகிதத்தில் எழுதியவர் அப்போது தற்காலிகக் கலெக்டராக இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர். செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை பற்றிய அவரது 1891ஆம் ஆண்டு அறிக்கைதான் பின்னர் பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதற்கு வித்து. திரமென்ஹீரை மட்டும் வணங்கி நிறுத்திக்கொள்வது நம் மேடைகளின் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருக்கு முன்னால் மனுப் போட்டவர்கள் இருந்தார்கள். திருவள்ளூர்ப் பக்கம் கௌடி, செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகளின் வாசலில் நின்று நிலத்துக்காக முறையிட்ட சேரி மக்கள் இருந்தார்கள். செங்கல்பட்டு மண்ணிலேயே பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அதே காலத்தில் பறையர் மகாஜன சபையைக் கட்டினார், 1893இல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். கலெக்டரின் அறிக்கை இந்தக் குரல்களுக்கு நடுவே வந்தது.

வருவாய் வாரியம் திரமென்ஹீர் சொன்னதை அப்படியே ஏற்கவில்லை. இழுபறிக்குப் பிறகு 1892 செப்டம்பர் 30இல் 1010 எண்ணுள்ள வருவாய்த்துறை அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்குத் தரிசு நிலங்களை ஒதுக்கலாம், பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, அதன்பிறகு மாற்றினாலும் அதே வகுப்பினருக்குத்தான் மாற்ற வேண்டும் என்ற நிபந்தனைகளோடு இந்த நில ஒப்படை முறை உருவானது. பதிவேடுகளில் 'டி.சி. நிலம்' என்று குறிப்பார்கள். ஒரே நாளில் எல்லாம் வந்துவிடவில்லை. 1920களில் லேபர் கமிஷனர் அலுவலகம் ஏற்பட்ட பிறகும் ஒப்படைகள் தொடர்ந்தன. மாகாணம் முழுதும் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் போராட்டங்களில் காலகாலமாகச் சொல்லப்படும் கணக்கு.

அதில் பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை. மூட்டை நெல்லுக்கும், கல்யாணக் கடனுக்கும், வெற்றுத்தாளில் வைத்த கைநாட்டுக்கும் போயிற்று. நிபந்தனையை மீறிய கிரயம் செல்லாது, நிலத்தை மீட்டு மறுபடி பட்டியல் சாதியினருக்கே கொடுக்க வேண்டும் என்பது விதி. அதை அமல்படுத்த வேண்டிய தாசில்தார் அலுவலகமே அந்தக் கிரயங்களுக்குப் பட்டா மாற்றிக் கொடுத்தது. 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யூ.டி.ஆர். காலத்தில், பழைய பதிவேட்டில் இருந்த டி.சி. குறிப்பு புதிய பதிவேட்டில் ஏறாமலே போன சர்வே எண்கள் ஏராளம். இதைத் தனியாக ஒரு கட்டுரையாக எழுத வேண்டும். இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வருகிறேன்.

1994இல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய மக்கள் அந்த நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். காவல்துறை அகற்றியது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். திரமென்ஹீர் அறிக்கை எழுதி 103 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே ஜில்லாவில், அதே தரிசுக்காக.

இனி கதையின் மறுபக்கம்.

ஏற்றுமதிக்கென்று வேலி போட்ட தனி மண்டலம் என்ற யோசனை அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் 1959இல் வந்தது. இந்தியா இதில் பிந்தவில்லை. 1965இல் குஜராத்தின் காண்ட்லாவில் ஆசியாவின் முதல் ஏற்றுமதி மண்டலத்தைத் தொடங்கியது. சீனாவின் ஷென்ஜென் வந்ததே 1980இல்தான். தமிழ்நாட்டுக்கு 1984இல் தாம்பரத்தில் மத்திய அரசே நடத்தும் மண்டலம் வந்தது. நாம் 'மெப்ஸ்' என்று சொல்வது அதைத்தான். காலையில் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி, சாப்பாட்டுப் பையோடு வரிசையாக உள்ளே போகும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதைப் படிப்பவர்களில் சிலராவது இருப்பீர்கள். எங்கள் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் அங்கே தையல் லைனில் பன்னிரண்டு வருடம் இருந்தார். அவர் சம்பளத்தில்தான் அவர் தம்பி பாலிடெக்னிக் முடித்தான்.

இதை வேண்டுமென்றே சொல்கிறேன். தொழிற்சாலை என்றாலே கெட்டது, நிலம் என்றாலே தாய் என்று பாடுவது நம் மரபு அல்ல. அந்தத் தாய் நமக்குச் சோறு போட்டதைவிட நம்மைச் சேற்றில் நிற்க வைத்ததுதான் அதிகம். அம்பேத்கர் 1918இலேயே, இந்தியாவின் சிறு நிலங்கள் பற்றிய கட்டுரையில், விவசாயத்தின் நோய்க்கு மருந்து தொழில்மயம்தான் என்று வாதிட்டவர். 1947இல் 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற திட்டத்தில் முக்கியத் தொழில்களும் விவசாய நிலமும் அரசுடைமையாக வேண்டும், நிலத்தைச் சாதி மத வேறுபாடின்றிக் கூட்டுப்பண்ணைகளுக்குக் குத்தகையாக விட வேண்டும் என்றார். கூடவே, சாகுபடியாகாமல் கிடக்கும் அரசு நிலங்களில் பட்டியல் சாதியினருக்குத் தனிக் குடியிருப்புகள் அமைக்க ஓர் ஆணையம் கேட்டார். மறுபடியும் அதே தரிசு. அதாவது அரசு நிலம் எடுக்கலாம், தொழில் நடத்தலாம். யாருக்காக, எந்த நிபந்தனையில் என்பதே அவர் கேள்வி.

விடுதலைக்குப் பின் முதல் முப்பது வருடம் இந்தக் கேள்விக்கு அரைகுறையாகவாவது ஒரு பதில் இருந்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப்., ஆவடி, திருச்சி பி.எச்.இ.எல்., நெய்வேலி என்று அரசு நிலம் எடுத்தது, அரசே ஆலை கட்டியது. அதனால் அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவு ஆலை வாசலுக்குள்ளும் வந்தது. நம் வீடுகளில் முதல் பேன்ட் போட்ட தலைமுறை, முதல் பி.எஃப். கணக்கு, முதல் மாடி வீடு பெரும்பாலும் அந்த வாசல்கள் வழியாக வந்தவை. நெய்வேலியில் நிலம் இழந்தவர்களின் குறை இன்னும் தீரவில்லை என்பது வேறு, அதை நான் மறைக்கவில்லை.

1971இல் தமிழ்நாடு அரசு சிப்காட்டைத் தொடங்கியபோது இந்த ஏற்பாடு மெல்ல மாறத் தொடங்கியது. அரசு நிலத்தை எடுத்து, சாலை, தண்ணீர், மின்சாரம் கொடுத்து, மனை பிரித்து, தனியாருக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடும். ஆலை தனியாருடையது. அப்போது இது சின்ன மாற்றமாகத் தெரிந்தது. நிலத்தை எடுக்கும் கை அரசின் கை, வேலை கொடுக்கும் கை தனியாரின் கை என்று பிரிந்தபோது, இடஒதுக்கீடு அந்த இரண்டு கைகளுக்கும் நடுவே கீழே விழுந்துவிட்டது. தோழர்களே, இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

2000 மார்ச் 31இல் அன்றைய மத்திய வர்த்தக அமைச்சர் முரசொலி மாறன், சீனாவைப் பார்த்துவிட்டு வந்த உற்சாகத்தில், புதிய ஏற்றுமதி இறக்குமதிக் கொள்கையில் சிறப்புப் பொருளாதார மண்டலங்களை அறிவித்தார். மெப்ஸ் 2003 ஜனவரியில் அப்படி மாற்றப்பட்டது. செங்கல்பட்டை ஒட்டிய பரனூர்ப் பகுதியில் மஹிந்திரா நிறுவனமும் அரசின் டிட்கோவும் சேர்ந்து ஒரு நகரத்தையே உருவாக்கின. அதில் டிட்கோவின் பங்கு 11 சதவீதம். 2005இல் நாடாளுமன்றம் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. அது 2006 பிப்ரவரி 10இல் நடைமுறைக்கு வந்தது.

அந்தத் தேதியைச் சுற்றி என்ன நடந்தது என்று பாருங்கள். அதற்கு மூன்று வாரம் முன்பு, 2006 ஜனவரி 20இல், 93ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. தனியார் கல்லூரிகளிலும் இடஒதுக்கீடு செய்ய அரசுக்கு அதிகாரம் கொடுத்த திருத்தம் அது. 2004இன் குறைந்தபட்சப் பொதுத்திட்டத்தில் தனியார் துறை வேலைகளிலும் உறுதியான நடவடிக்கை பற்றிப் பேசுவோம் என்று ஐக்கிய முற்போக்குக் கூட்டணி சொல்லியிருந்தது. கல்லூரிக்குச் சட்டம் வந்தது. கம்பெனிக்கு வந்தது 'தாமாக முன்வந்து கடைப்பிடிக்கும் நடத்தை விதிகள்'. தாமாக முன்வந்து யார் எதைச் செய்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

அதே 2006 செப்டம்பரில் தமிழ்நாட்டில் புதிதாக வந்த தி.மு.க. அரசு நிலமற்ற ஏழைகளுக்கு இரண்டு ஏக்கர் தரிசு நிலம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கொடுக்கத் தரிசு எங்கே என்று மாவட்டம் மாவட்டமாகத் தேட வேண்டியிருந்தது. பல இடங்களில் கல்லும் முள்ளும்தான் கைக்கு வந்தன. மறுபக்கம், மண்டலங்களுக்குத் தரிசு, வறண்ட நிலங்களை முதலில் கொடுங்கள் என்று மத்திய வர்த்தகத் துறை மாநிலங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கம்பெனிக்குத் தேடியபோது ஆயிரக்கணக்கில் கிடைத்த தரிசு, நமக்குத் தேடியபோது மட்டும் காணாமல் போனது.

தரிசு என்பது மண்ணின் குணம் அல்ல. அது அதிகாரி ஒரு கட்டத்தில் எழுதும் சொல். மேய்க்கால் புறம்போக்கு, அனாதீனம், கல்லாங்குத்து என்று எழுதப்பட்ட இடங்களில்தான் சேரியின் ஆடு மேய்கிறது, விறகு கிடைக்கிறது, சில இடங்களில் நம் சுடுகாடும் இருக்கிறது. அதில் யார் பெயரிலும் பட்டா இல்லை. எனவே அதைச் சிப்காட்டுக்கு மாற்றும்போது யாருக்கும் நஷ்டஈடு இல்லை. பட்டா நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவளுக்கும் இல்லை. 1894இன் நில எடுப்புச் சட்டம் நிலத்தில் உரிமை உள்ளவரைத்தான் பாதிக்கப்பட்டவராகப் பார்த்தது. அந்தச் சட்டம் பஞ்சமி அரசாணைக்கு இரண்டே வருடம் பின்னால் வந்தது. நமக்கு நிலம் கொடுத்த ஆணையைவிட நிலம் எடுக்கும் சட்டம்தான் நன்றாக வேலை செய்தது. 119 வருடம், 2013 வரை ஓடியது.

அந்தத் தம்பியின் கேள்விக்கு முதல் பதில் இது. நிலம் இல்லாதவனுக்கு நிலம் எடுப்பில் நஷ்டம் இல்லை என்பது அந்தச் சட்டத்தின் கணக்கு. ஊர்க்காரருக்கு ஏக்கருக்கு இத்தனை லட்சம் என்று காசோலை வரும். அவர் டவுனில் வீடு வாங்குவார், லாரி வாங்குவார், கம்பெனிக்கே கான்ட்ராக்ட் எடுப்பார். அவர் நிலத்தில் வருடத்தில் நூற்றைம்பது நாள் வேலை செய்த நம் அம்மா அதே கான்ட்ராக்டரிடம் போய்க் கம்பெனியில் துடைப்பம் பிடிக்க வேலை கேட்பாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நான் பார்த்த சேரிகளில் இந்தக் கதை இல்லாத தெரு இல்லை. பழைய மிராசுதாரர் புது வேடத்தில் வந்து நிற்கிறார்.

ஒப்படை நிலம் வைத்திருந்தவர்கள் கதை இன்னும் மோசம். இதற்கு அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே மஹபூப்நகர் மாவட்டம் ஜட்சர்லா அருகே போலேபள்ளியில் அரசின் தொழில் உள்கட்டமைப்புக் கழகம் தொழில் வளர்ச்சி மையம் என்று சொல்லி நிலம் எடுத்தது. பிறகு அது மருந்து ஆலைகளுக்கான சிறப்புப் பொருளாதார மண்டலமாக மாறியது. நிலம் கொடுத்தவர்களில் பெரும்பகுதி தலித்துகளும் லம்பாடிகளும். பலருடையது அரசு ஒப்படைத்த நிலம். பட்டா நிலத்துக்கு ஒரு விலை, ஒப்படை நிலத்துக்கு அதைவிடக் குறைந்த கருணைத் தொகை. "நாங்கள் கொடுத்த நிலத்தை நாங்களே திரும்ப எடுக்கிறோம், இதில் நஷ்டஈடு என்ன?" என்பதுதான் அரசின் வாதம். ஆந்திர உயர் நீதிமன்றத்தின் விரிவமர்வு 2004இல் மேகல பாண்டு வழக்கில் இந்த வாதத்தை உடைத்தது. பொதுக் காரியத்துக்காக ஒப்படை நிலத்தைத் திரும்ப எடுத்தாலும் மற்ற நில உரிமையாளருக்குச் சமமாகச் சந்தை விலை கொடுக்க வேண்டும் என்றது. சட்டம் படிக்கும் தங்கைகள், தம்பிகள் இந்தத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். நிலமற்றவருக்கு நிலம் கொடுப்பது சர்க்காரின் பிச்சை அல்ல என்பதை நீதிமன்ற மொழியில் சொன்ன அரிதான இடங்களில் அது ஒன்று.

இப்போது வேலை என்ற பக்கம்.

2005 ஏப்ரலில் நோக்கியாவோடு ஒப்பந்தம். 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் உற்பத்தி. அரசு உருவாக்கிய மண்டலம் ஒன்று பெரிய அந்நிய முதலீட்டை இழுத்துவந்த பாடப்புத்தக உதாரணமாக அதைக் காட்டினார்கள். உச்சத்தில் சுமார் 8,000 நேரடித் தொழிலாளர்கள், பெரும்பகுதி இருபது வயதை ஒட்டிய பெண்கள். சேரிப் பெண்ணும் முதலியார் தெருப் பெண்ணும் ஒரே நீலக் கோட்டு, ஒரே பஸ், ஒரே கேன்டீன் தட்டு. அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இரட்டைக் குவளை பார்த்த மாவட்டத்தில் அது பெரிய விஷயம்.

ஆனால் மண்டலத்தின் சட்டத்தையும் பாருங்கள். 53ஆவது பிரிவின்படி, சுங்கக் கணக்கில் மண்டலம் இந்தியாவுக்கு வெளியே உள்ள பகுதி. ஊருக்குள் இருந்துகொண்டே ஊருக்கு வெளியே என்பது நமக்குப் பழக்கமான ஏற்பாடுதான், பலன் மட்டும் தலைகீழ். அங்கே வெளியே வைத்தவனுக்கு வரி கிடையாது. தொழிற்சங்கம், தொழில் தகராறு, தொழிலாளர் நலச் சட்டங்களில் மத்திய அரசு கைவைக்கக் கூடாது என்று 49ஆவது பிரிவில் ஒரு காப்பு உண்டு, இடதுசாரிகளின் அழுத்தத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் மாநில அரசுகள் தொழில் தகராறுச் சட்ட அதிகாரங்களை மண்டலத்தின் வளர்ச்சி ஆணையரிடம் ஒப்படைக்கவும், மண்டலத்தைப் 'பொதுப் பயன்பாட்டுச் சேவை' என்று அறிவிக்கவும் விதிகளில் வழி வைத்தார்கள். முதலீட்டை அழைத்துவரும் அதிகாரியே தொழிலாளியின் புகாரையும் கேட்பார். செல்போன் மூடியை ஒட்டும் வேலை, தண்ணீர் வாரிய வேலைபோலக் கருதப்படும், முன்னறிவிப்பில்லாமல் வேலைநிறுத்தம் செய்தால் சட்டவிரோதம். 2010இல் நோக்கியா ஆலையில் இயந்திரத்தில் சிக்கி ஓர் இளம்பெண் இறந்தபோது மண்டலத்துக்குள் நடப்பது கொஞ்சம் வெளியே தெரிந்தது.

2014 நவம்பர் 1இல் ஆலை மூடியது. மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை வாங்கியபோது, வரித் தகராறில் சிக்கிய இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டது. கருவி செய்துகொடுத்த ஃபாக்ஸ்கான் அங்கிருந்த தன் பிரிவை அதே வருட இறுதியில் மூடியது. இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு வாங்கி வீட்டுக்கு வந்த பெண்களை எண்ணிப் பாருங்கள். திரும்பிப் போக வயல் இல்லை, அதன்மேல்தான் ஆலை நிற்கிறது. ஆலை மூடியதும் மண் மக்களிடம் திரும்பவில்லை. கட்டடம் சில வருடம் பூட்டிக் கிடந்து 2019இல் சால்காம்ப் நிறுவனத்துக்குக் கைமாறியது. இன்று அந்தப் பகுதியில் செல்போன் தொழில் மறுபடி கொழிக்கிறது. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் ஆயிரக்கணக்கானவர்கள் இரவு முழுக்க நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோதுதான் இவர்கள் எங்கே தங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று நாடு கேட்டது. பிறகு 2024இல் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசே கட்டித் திறந்தது. நல்லதுதான். சாலை உட்கார்ந்ததால் வந்தது என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

நாடு முழுக்க இந்த மண்டலங்களின் கணக்கு என்ன? தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2014இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையே சொல்கிறது. மண்டலங்களுக்கென அறிவிக்கப்பட்ட 45,635 ஹெக்டேரில் வேலை தொடங்கியது 28,488 ஹெக்டேரில். தணிக்கைக்கு எடுத்த 152 மண்டலங்களில் வரும் என்று சொன்ன வேலை 39 லட்சத்துக்கு மேல், வந்தது 2 லட்சத்து 84 ஆயிரம் சொச்சம். பொதுக் காரியம் என்று எடுத்த நிலத்தை மண்டல அறிவிப்பிலிருந்து விடுவித்து வணிகத்துக்குத் திருப்பியதையும் அறிக்கை சுட்டியது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழிலாளர்கள் இந்த வேலைகளில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அந்தப் பக்கங்களில் இடமே இல்லை. இடஒதுக்கீடு இல்லாத இடத்தில் சாதிவாரிக் கணக்கும் இல்லை.

2007 மார்ச்சில் மேற்கு வங்கத்தின் நந்திகிராமில் 14 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகுதான் மண்டலத்துக்கு 5,000 ஹெக்டேர் உச்சவரம்பு வந்தது. மண்டலங்களுக்காக மாநிலங்கள் கட்டாயமாக நிலம் எடுக்கக்கூடாது என்றும் சொன்னார்கள். 2013இல் புதிய நில எடுப்புச் சட்டம் வந்தது. இந்தச் சட்டத்தை நம் இளைஞர்கள் போதுமான அளவு படிக்கவில்லை என்பது என் குறை. நிலம் இல்லாத விவசாயக் கூலியும், குத்தகை, வாரச் சாகுபடியாளரும், மூன்று வருடம் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்திருந்தால் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று முதல்முறையாக எழுதியது. நிலம் இழக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இழந்த அளவு அல்லது இரண்டரை ஏக்கர், இதில் எது குறைவோ அந்த அளவு நிலம் எந்தத் திட்டமானாலும் கொடுக்க வேண்டும் என்றது இரண்டாம் அட்டவணை. சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்றது.

தமிழ்நாடு என்ன செய்தது? 105ஏ என்ற பிரிவைச் சேர்த்து மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு வாங்கியது. நெடுஞ்சாலைச் சட்டம், 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம், மூன்றாவதாக 1978ஆம் ஆண்டு அரிஜன நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம். நஷ்டஈடு, மறுவாழ்வு அட்டவணைகள் பொருந்தும் என்று வைத்துக்கொண்டு, சமூகத் தாக்க மதிப்பீட்டையும் மக்கள் சம்மதத்தையும் வெளியே தள்ளினார்கள். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மூன்று சட்டங்களும் செல்லாது என்றது. அதே மாதத்திலேயே சட்டமன்றம் புத்துயிர்ச் சட்டம் போட்டது, 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. சேரிக்கு மூன்று சென்ட் மனை எடுக்கும் சட்டத்தையும் கம்பெனிக்கு மூவாயிரம் ஏக்கர் எடுக்கும் சட்டத்தையும் ஒரே கட்டாகக் கட்டிக் கொண்டுபோனார்கள். அ.தி.மு.க. கொண்டுவந்தது, தி.மு.க. கைவிடவில்லை. 2023இல் செய்யாறு சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த மேல்மா விவசாயிகள் ஏழு பேர்மீது குண்டர் சட்டம் பாய்ந்ததும் இந்த ஏற்பாட்டின் தொடர்ச்சிதான்.

மேல்மாவில் நாம் யார் பக்கம் என்று தம்பி அடுத்துக் கேட்பான். நிலம் கொடுக்க மறுக்கும் ஊர்க்காரருக்கு அந்த உரிமை உண்டு, அதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆனால் அவர்கள் போராட்டப் பந்தலில் சேரிக்காரர் கூட்டம் சேர்க்க மட்டும் தேவைப்பட்டால், அந்தப் பந்தலிலேயே எழுந்து கேளுங்கள்: ஊரில் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், இப்போது யார் உழுகிறார்கள்? அரசுக்கு வைக்கும் கேள்வி வேறு. பொது அதிகாரத்தைக் கொண்டு எடுத்த நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கும்போது, எத்தனை வருடத்தில் ஆலை கட்ட வேண்டும் என்று நிபந்தனை போடும் சிப்காட், எத்தனை சதவீதம் பட்டியல் சாதித் தொழிலாளர் என்று ஏன் ஒரு நிபந்தனை போடக்கூடாது? அரசியல் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நிலம் கொடுப்பவர் குத்தகைப் பத்திரத்தில் எழுதும் வரி அது. 1892இல் நமக்கு நிலம் கொடுத்தபோது மட்டும் நிபந்தனை எழுதத் தெரிந்திருந்ததே.

உங்கள் ஊர்ப் பக்கம் மண்டலமோ சிப்காட்டோ வருகிறது என்றால் நில எடுப்பு அறிவிக்கையில் உள்ள சர்வே எண்களை முதலில் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இன்றைய 'அ' பதிவேட்டைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், அது யூ.டி.ஆருக்குப் பிறகு எழுதியது. பழைய எண்ணும் புதிய எண்ணும் பொருந்தும் பட்டியலோடு, யூ.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் தாலுகா அலுவலகத்திலும் மாவட்ட ஆவணக் காப்பறையிலும் தனித்தனியாகக் கேளுங்கள். ஓரிடத்தில் இல்லை என்பார்கள், இன்னோரிடத்தில் இருக்கும். டி.சி. என்று இருக்கும் எண்களைச் சிவப்பில் வட்டமிட்டு, ஆட்சேபனை மனுவோடு கெடு முடிவதற்குள் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நஷ்டஈடு வேறு யார் கைக்காவது போய்ச் சேர்ந்த பிறகு அந்தச் சிவப்பு வட்டத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.